குரோகாவாவில் ஓர் இரவு: ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஜப்பானில் வெந்நீர் ஊற்று விடுதியில் தங்கப் போகிறேன் என்று சொன்னால், நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "துணியில்லாமலா குளிக்கணும்?" ஆமாம், துணியில்லாமல்தான். நீச்சலுடைக்கும் அனுமதி கிடையாது. ஆடையின்றிக் குளிக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் தனிக்குளியல் உள்ள விடுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தக் கவலை அதோடு முடிந்தது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டால் எதிரே மலையும் மரமும்தான்.

புதியவர்கள் உண்மையில் சறுக்குவது வேறு இரண்டு இடங்களில்: சாப்பாடு, நேரம். இரண்டையும் விடுதி வாசலில் நின்று சரிசெய்ய முடியாது. நான் முதல்முறை போனபோது மாலை ஏழு மணிக்குப் போய் இறங்கினேன். ஆறு மணிக்குப் பரிமாற வேண்டிய சாப்பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மொத்தச் சமையலறையும் எனக்காகக் காத்திருந்தது. ஒருவர் முகத்திலும் கோபம் தெரியவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் ஊர் குரோகாவா. க்யூஷு தீவின் நடுவே, குமமோத்தோ மாநிலத்தில், அசோ எரிமலைக்கு வடக்கே, ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன ஆற்றுப் பள்ளத்தாக்கு. முப்பது விடுதிகள் போல இருக்கும், அவ்வளவுதான் ஊர். ரயில் கிடையாது, உயரமான கட்டடம் கிடையாது, கண்ணைக் குத்தும் விளம்பரப் பலகையும் கிடையாது. இது தானாக அமைந்ததல்ல. 1980-களில் கூட்டம் வராமல் தவித்த விடுதிக்காரர்கள் ஒன்றுகூடி, ஆளாளுக்கு நட்டிருந்த பலகைகளைப் பிடுங்கிவிட்டு மரம் நட்டார்கள். ஊர் முழுக்க ஒரே விடுதி, தெருக்கள் அதன் தாழ்வாரம், ஒவ்வொரு விடுதியும் அதில் ஓர் அறை என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கொள்கை. இதற்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் ஷின்மெய்கான் விடுதியின் கோத்தோ தெத்சுயா. இளவயதில் உளியும் சுத்தியலும் கொண்டு தன் விடுதிக்குப் பின்னால் இருந்த பாறையைக் குடைந்து குகைக் குளியல் ஒன்றை அமைத்தவர். அந்தக் குகையில் இன்றும் குளிக்கலாம்.

முதலில், எந்தத் தனிக்குளியல்?

முன்பதிவுத் தளங்களில் 'தனிக்குளியல்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

முதலாவது, அறையோடு சேர்ந்த திறந்தவெளித் தொட்டி. ஜப்பானியில் 'ரோத்தென்புரோ' என்றால் திறந்தவெளிக் குளியல். அறையை ஒட்டிய திண்ணையில் கல்லாலோ மரத்தாலோ ஒரு தொட்டி. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்தாலும் இறங்கிக்கொள்ளலாம். விலை அதிகம். இரண்டாவது, 'காஷிகிரி' அல்லது 'குடும்பக் குளியல்'. விடுதி வளாகத்தில் தனியாக நிற்கும் சின்னக் குளியலறைகளை 45, 50 நிமிடம் உங்கள் வசம் விட்டுவிடுவார்கள். சில இடங்களில் வந்தவுடன் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும், தனிக் கட்டணமும் உண்டு. சில இடங்களில் காலியாக இருந்தால் பலகையைத் திருப்பிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், தங்குபவர்களுக்கு இலவசம். மூன்றாவதுதான் ஏமாற்றம்: அறையில் இருப்பது சாதாரணக் குழாய் வெந்நீர்த் தொட்டி, ஊற்று நீரே அல்ல. ஜப்பானில் 1948-லிருந்து இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. ஊற்றிலிருந்து வெளிவரும்போது 25 டிகிரியாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் குறிப்பிட்ட தாதுப்பொருள்களில் ஒன்று போதிய அளவு இருக்க வேண்டும். அப்போதுதான் அது 'ஒன்சென்'. ஆகவே பதிவு செய்யும் முன் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: "அறைத் தொட்டியில் வருவது ஊற்று நீரா?" மறைக்காமல் பதில் சொல்வார்கள். 'காகெநாகாஷி' என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. சுழற்சி முறையில் திரும்பத் திரும்ப வராமல், ஊற்றிலிருந்து வந்த நீர் தொட்டியில் நிறைந்து அப்படியே வழிந்து ஓடுகிறது என்று பொருள்.

என் யோசனையைக் கேட்டால், முதல் பயணத்துக்கு இரண்டாவது வகையே போதும். அறையோடு சேர்ந்த தொட்டி வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கும், கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் கொடுக்கிற காசுக்குத் தகும். உடம்பில் பச்சை குத்தியிருப்பவர்களுக்கும் தனிக்குளியல்தான் வழி. பொதுக்குளியலில் பச்சையோடு வருகிறவர்களை இன்னும் பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

பதிவு செய்யும்போது

விலை அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரவு உணவும் காலை உணவும் அதில் சேர்ந்தவை. குரோகாவா மாதிரி ஊரில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஏறத்தாழ 20,000 யென்னிலிருந்து தொடங்கும். தொட்டியுள்ள அறை என்றால் 30,000, 40,000 என்று ஏறிக்கொண்டே போகும். இதற்கு மேல் ஊற்று வரி என்று ஒருவருக்கு 150 யென் போல வாங்குவார்கள். சனிக்கிழமைகள், ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரையான விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு ஆகியவற்றில் விலையும் கூடும், இடமும் கிடைக்காது. தனியாளாகப் போகிறவர்களைச் சனிக்கிழமை இரவில் ஏற்காத விடுதிகள் பல. செவ்வாய், புதன் பார்த்துப் போவது உத்தமம்.

இனி சாப்பாடு. கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். 'சைவம்' என்று எழுதினால் அங்கே யாருக்கும் புரியாது. புரிந்தாலும் அவர்கள் நினைக்கிற சைவத்தில் மீன் சாறு இருக்கும். கறியும் மீனும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சூப்பு, குழம்பு, கீரை, முட்டை என்று எல்லாவற்றிலும் 'தாஷி' என்கிற சாறு ஓடுகிறது. பெரும்பாலும் அது கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவி எடுத்தது. ஆகவே பட்டியலாக எழுதுங்கள்: மாட்டிறைச்சி வேண்டாம், குதிரை இறைச்சி வேண்டாம், கோழி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் தாஷி வேண்டாம், கொம்பு என்கிற கடற்பாசித் தாஷியோ ஷீதாகே காளான் தாஷியோ இருந்தால் சரி, முட்டை, பால் எனக்குச் சம்மதம் அல்லது சம்மதமில்லை. குதிரையா என்று திகைக்க வேண்டாம். குமமோத்தோவின் பேர் போன பண்டமே 'பசாஷி'. பச்சையாக மெலிதாக அரிந்த குதிரை இறைச்சி. சொல்லாமல் விட்டால் விருந்தினருக்கு மரியாதை என்று அதை முதலிலேயே கொண்டுவந்து வைப்பார்கள். அந்தப் பகுதியின் 'அகாஉஷி' என்ற செம்மாட்டு இறைச்சியும் அப்படித்தான். அசைவம் சாப்பிடுகிறவர்களும் மாடு வேண்டாம் என்றால் அதைத் தனியாக எழுத வேண்டும்.

இதைப் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், போவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை நினைவூட்டுங்கள். சமையல்காரர் அந்த மலையூரில் பொருள்களை முன்கூட்டியே வரவழைக்கிறார். அன்று காலையில் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "மன்னிக்கவும், எங்களால் இயலாது" என்று சில விடுதிகள் மறுக்கும். அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த விடுதிக்கு எழுதுங்கள். ஒத்துக்கொண்டு மீன் சாற்றில் சமைத்துத் தருவதை விட மறுப்பது எவ்வளவோ மேல். சாப்பாடு இல்லாமல் தங்க மட்டும் பதிவு செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் அந்த மாதிரி ஊரில் கடைகள் சீக்கிரமே சாத்திவிடும்; ராத்திரிப் பசிக்கு ஒன்றும் கிடைக்காது. அப்படித்தான் போவேன் என்றால், பஸ் ஏறும் பெரிய நகரமான ஃபுக்குவோக்காவிலேயே சோற்று உருண்டையும் பழமும் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

போய்ச் சேர்வது

ஃபுக்குவோக்காவின் ஹகாத்தா பஸ் நிலையத்திலிருந்து குரோகாவாவுக்கு நேர் பஸ் உண்டு. மூன்று மணி நேரம் போல ஆகும். குமமோத்தோ, அசோ, குரோகாவா, யுஃபுயின், பெப்பு என்று தீவைக் குறுக்கே கடக்கும் க்யூஷு ஓதான் பஸ்ஸும் இருக்கிறது. இரண்டுமே ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். இடம் முன்பதிவு செய்தாக வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்கிற நம் ஊர்க் கணக்கு இங்கே எடுபடாது. முதல்முறை நான் தாமதமானதும் இந்தக் கணக்கால்தான்.

மதியத்துக்குள் ஏறி, மூன்று மணிக்குப் பக்கமாக இறங்குகிற பஸ்ஸாகப் பாருங்கள். விடுதிகள் பொதுவாக மூன்று மணிக்குத்தான் அறை தரும். ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும் விடுதி என்றால் பஸ் நிறுத்தத்துக்கு வேன் அனுப்புவார்கள். வரும் நேரத்தை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வழியெல்லாம் படிக்கட்டும் சரளைக்கல்லும். ஜப்பானில் 'தக்யூபின்' என்ற பார்சல் சேவை இருக்கிறது. பெட்டியை அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அதில் அனுப்பிவிட்டு, ஓர் இரவுக்கான தோள்பையோடு வந்தால் போதும். துண்டு, பல் துலக்கி, இரவு உடை எல்லாம் விடுதியில் கிடைக்கும். கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். வாடகைக் கார் எடுக்கிறவர்கள், ஜனவரி பிப்ரவரியில் அந்த மலைப்பாதையில் பனி விழும் என்பதை மனத்தில் வைத்துப் பனிக்கால டயர் கேட்டு வாங்க வேண்டும்.

வாசலில் நுழைந்ததும்

செருப்பை வாசலில் கழற்றும் பழக்கம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சொல்ல வேண்டியது அதற்கு அடுத்தது. வாசலில் தரும் உள்செருப்பைத் தாழ்வாரம் வரைதான் போட வேண்டும். கோரைப்பாய் மாதிரி இருக்கும் 'தத்தாமி' அறைக்குள் வெறுங்காலோ காலுறையோதான். கழிவறைக்கு அங்கேயே வேறு செருப்பு. அதை மாட்டிக்கொண்டு அறைக்குள் திரும்பி வருவதுதான் வெளிநாட்டார் எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்தேன். (கழிவறை பற்றி ஒரு நல்ல செய்தி: தண்ணீர் பீய்ச்சும் வசதி அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கும். பல நாடு சுற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.)

அறையில் ஒரு மூலையில் சற்று உயர்ந்த மாடம் இருக்கும். ஓவியச் சுருளோ பூவோ வைத்திருப்பார்கள். அது 'தோக்கோநோமா'. பையை வைக்க வாகாகத்தான் தோன்றும், வைக்காதீர்கள். நம் வீட்டுப் பூஜை மாடத்தில் பெட்டியை வைத்தது மாதிரி.

பணிப்பெண் தேநீரும் ஓர் இனிப்பும் கொண்டுவருவார். சாப்பாட்டு நேரத்தையும் தனிக்குளியல் நேரத்தையும் அப்போதே கேட்பார். நல்ல நேரங்கள் முதலில் வந்தவர்களுக்குப் போய்விடும் என்பதால், மூன்று மணிக்கே வந்து சேரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் 'யுகாத்தா'. பருத்தி அங்கி. விடுதிக்குள் எங்கும், சாப்பாட்டு அறைக்கும், ஊர்த் தெருவுக்கும் இதிலேயே போகலாம். போடும்போது ஒரே விதி: உங்கள் வலப்பக்கத் துணியை முதலில் உடம்போடு சேர்த்து, இடப்பக்கத் துணி அதன் மேல் வர வேண்டும். மாற்றிப் போடுவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. தவறினால் யாராவது பாட்டி ஓடிவந்து சரிசெய்துவிடுவார்.

குளியல்

இறங்கும் முன் நகைகளைக் கழற்றுங்கள். முக்கியமாக வெள்ளி. கந்தகம் கலந்த ஊற்றில் கொலுசும் மெட்டியும் ஒரே முழுக்கில் கறுத்துப் போகும். குரோகாவாவில் நீரின் தன்மை விடுதிக்கு விடுதி மாறும். எது கந்தக நீர் என்று தெரியாதவர்கள் எல்லா இடத்திலும் கழற்றிவிடுவதே நல்லது.

தொட்டியில் குளிப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். குளிப்பது வெளியே: சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, தலை அலசி, நுரை ஒரு பொட்டு இல்லாமல் கழுவிவிட வேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டும். உங்களுக்குப் பின் அதே நீரில் இன்னொருவர் இறங்குவார். தனிக்குளியலிலும் இதே முறைதான், தாழ் போட்டுவிட்டோம் என்று விட்டுவிடக் கூடாது. உடம்பில் எண்ணெய் தடவியிருந்தால் இரண்டு முறை சோப்புப் போடுங்கள். தலைமுடியை உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் சின்னத் துண்டும் நீரில் படக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள்.

நீர் 40 முதல் 42 டிகிரி இருக்கும். கேட்கச் சாதாரணமாகத் தோன்றும், காலை வைத்தால்தான் தெரியும். ஆகவே முதலில் வாளியால் மொண்டு பாதம், முழங்கால், இடுப்பு, தோள் என்று கீழிருந்து மேலே ஊற்றிப் பழக்குங்கள். பிறகு மெல்ல இறங்குங்கள். தனித்தொட்டியில் தாங்க முடியாத சூடு என்றால் பக்கத்தில் இருக்கும் குளிர்நீர்க் குழாயைத் திறந்து கொஞ்சம் கலந்துகொள்ளலாம். போகும்போது மறக்காமல் மூடிவிடுங்கள். முதல் தடவை ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. வெளியே வந்து உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், மறுபடி இறங்குங்கள். ஒரே மூச்சாக அரைமணி ஊறினால் எழும்போது தலை சுற்றும், கீழே பாறை. மது குடித்துவிட்டு இறங்குவதும், வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு இறங்குவதும் வேண்டாம். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வருவது நல்லது. குளிர்காலத்தில் பனிக்காற்றிலிருந்து சுடுநீருக்குப் போவது அவர்களுக்கு ஆகாது. கர்ப்பிணிகள் ஒன்செனில் குளிக்கக் கூடாது என்ற பழைய எச்சரிக்கையை ஜப்பான் அரசு 2014-இல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆனாலும் வழுக்கும் தரையும் அதிகச் சூடும் அப்படியேதான் இருக்கின்றன.

தனிக்குளியலில் ஒன்றிரண்டு முறை ஊறிய பிறகு கூச்சம் தெளிந்துவிட்டால், பொதுக்குளியலையும் எட்டிப் பார்க்கலாம். ஆணும் பெண்ணும் தனித்தனி. வாசலில் தொங்கும் திரை பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள்: மேலே ஜன்னல் மாதிரி நான்கு கட்டமாகப் பிரிந்த சதுரம் இருந்தால் ஆண்கள் பக்கம். ராத்திரி போன பக்கத்துக்கே காலையிலும் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். பல விடுதிகளில் இரண்டு பக்கத்தையும் இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள். ஷின்மெய்கான் குகை மாதிரி இருபாலரும் சேர்ந்து குளிக்கும் இடங்களும் உண்டு. வாசலில் கேட்டுவிட்டு நுழைவது நல்லது.

சாப்பாடும் இரவும்

சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் உட்காருங்கள். சின்னச் சின்னத் தட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆற்றில் பிடித்த யமமே மீன் உப்பிட்டுச் சுட்டது, கடுகும் மிசோ என்கிற சோயா விழுதும் அடைத்துப் பொரித்த தாமரைக்கிழங்கு, காட்டுக் கீரை. சோறு கடைசியில்தான் வரும். இது தெரியாமல் ஆரம்பத்திலிருந்தே "சோறு எங்கே" என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். சோறு, மிசோ சூப்பு, ஊறுகாய் மூன்றும் சேர்ந்து வந்தால் சாப்பாடு முடியப்போகிறது என்று பொருள். அந்த ஊறுகாய் நம் ஊறுகாய் அல்ல. காரம் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள் வைத்திருக்கும் பொடியை அறையிலேயே விட்டுவிட்டு வருவது நாகரிகம்.

நீங்கள் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் யாரோ அறைக்கு வந்து மேசையை ஓரங்கட்டி மெத்தை விரித்திருப்பார்கள். பணமும் பாஸ்போர்ட்டும் வெளியே கிடக்க வேண்டாம். திருடுவார்கள் என்பதற்காக அல்ல, அவர்களுக்குச் சங்கடம். தரையில் படுத்து எழ முடியாத முழங்கால் வலிக்காரர்கள் பதிவின்போதே கட்டில் உள்ள அறை கேட்டுவிட வேண்டும். இந்த விடுதிகளில் சுவர் மெல்லியது, சில கதவுகள் காகிதம். பத்து மணிக்கு மேல் வீடியோ காலில் ஊருக்குப் பேசுகிறவர்கள் பக்கத்து அறையையும் சேர்த்து எழுப்புகிறார்கள்.

மறுநாள்

சூரியன் வரும் முன் எழுந்து ஒருமுறை இறங்குங்கள். குளிர்காலத்தில் அந்த நேரத்தில் ஆவி மரக்கிளை வரை எழும், எதிரே ஆறு ஓடும் சத்தம் மட்டும்தான். எனக்கு இரவுக் குளியலை விட இதுதான் பிடித்தது. எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடு, பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். பத்து என்றால் பத்துதான்.

பஸ் மதியம்தான் என்றால், பையை விடுதியிலேயே விட்டுவிட்டுச் சுற்றுலாச் சங்க அலுவலகத்தில் 'நியூதோ தெகாத்தா' வாங்குங்கள். உள்ளூர் தேவதாரு மரத்தில் செய்த வட்டத் தகடு, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு. 1986-இல் தொடங்கிய திட்டம். 1,500 யென் போல ஆகும். அதைக் காட்டி ஊரின் மூன்று விடுதிகளில் திறந்தவெளிக் குளியலுக்குள் போகலாம், ஒவ்வொரு இடத்திலும் ஒரு முத்திரை குத்தித் தருவார்கள். ஆனால் அவை பொதுக்குளியல்கள், தனிக்குளியல் அல்ல. ஆறு மாதம் வரை செல்லும் என்பதால் மூன்றையும் அன்றே முடிக்க வேண்டுமென்ற அவசரமும் இல்லை. காலையில் ஏற்கெனவே ஒருமுறை ஊறியிருந்தால் இன்னும் ஒன்று போதும்; மூன்றும் குளித்துவிட்டு பஸ்ஸில் ஏறியவர்கள் ஃபுக்குவோக்கா வரை வாயைத் திறந்து தூங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு முடிக்கும்போது டிப்ஸ் கொடுக்க முயலாதீர்கள், எதிர்பார்க்கவும் மாட்டார்கள். வேன் கிளம்பும்போது வாசலில் நின்று வளைவு திரும்பும் வரை கையசைப்பார்கள். நீங்களும் திரும்பிப் பார்த்துக் கையசையுங்கள்; பஸ் டிக்கெட்டை அதற்கு முன்பே எடுத்து மேல்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.